கோப்பி மூட்டைக்குக் கொள்ளி வைத்த கதை

துக்கத்தில் இருப்பவளை அடுப்படி வேலைக்கு வைக்கக் கூடாது. வைத்தாலும், நெருப்பைப் பற்றிய உத்தரவு எதையும் அவளிடம் அரைகுறையாகச் சொல்லக் கூடாது. பழவேற்காட்டில் இந்த ஞானம் யாருக்கும் இல்லாததால், ஒரு நாள் மத்தியானம் நான் ஊர் முழுவதையும் தோணியில் ஏற்றி ஏரிக்குள் அனுப்பிவைத்தேன். கோட்டைக் கப்பித்தான் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடினார். துபாசி ராகவையா ஒற்றைச் செருப்போடு ஓடினார். இத்தனைக்கும் நான் செய்தது ஒரு மூட்டைக் கொட்டையைக் கொளுத்தியது மட்டும்தான். (ஒரு சீனத்து ஜாடியையும் உடைத்தேன். அது பிறகு வரும்.)

அப்போது பழவேற்காடு ஒல்லாந்துக்காரர்கள் கையில் இருந்தது. சென்னப்பட்டணத்து இங்கிலீஷ்காரர்கள் அவர்களை டச்சுக்காரர்கள் என்பார்கள். ஏரிக்கரையில் அவர்களுக்கு ஒரு கோட்டை, கோட்டையை ஒட்டி வெடிமருந்துக் கிடங்கு, கிடங்கை ஒட்டி அதிகாரிகளின் வீடுகள். கிடங்குப் பக்கம் சுருட்டோடு போன ஒருவனை மரத்தில் கட்டி அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பொறி பறந்தால் பாதி ஊர் ஏரிக்கும் மீதி ஊர் கடலுக்கும் போய்விடும் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். "தெரிஞ்சேதான் செஞ்சியா?" என்று இன்றுவரை கேட்கிறார்கள்.

என் பெயர் அஞ்சலை. ஊர் தோணிரேவு. (எழுத்தெல்லாம் பின்னாளில் கற்றுக்கொண்டது. அன்றைக்கு எனக்கு மீன் ஆயத்தான் தெரியும்.) அந்த வருஷம் வாடைக்காற்று தொடங்கிய நாட்களில் என் புருஷன் தேசப்பன் முகத்துவாரம் தாண்டிக் கட்டுமரத்தில் போனவன் திரும்பி வரவில்லை. துடுப்பு மட்டும் கரை ஒதுங்கியது.

உடம்பு கிடைக்காத சாவுக்கு எங்கள் ஜனங்கள் ஒரு காரியம் செய்வார்கள். செத்தவன் படுத்த பாய், கட்டிய துணி, தலையணை எல்லாவற்றையும் கரையில் குவித்து, அவனையே எரிப்பதாக நினைத்துக் கொள்ளி வைப்பார்கள். "நானே வெக்கிறேன்" என்று கேட்டேன். "பொம்பள கொள்ளி வெப்பாளா? இன்னா பேச்சு இது" என்று என் நைனா அதட்டினார். என் தம்பி ஏழுமலை வைத்தான். நான் தள்ளி நின்று பார்த்தேன். அழுகை வரவில்லை. ஒரு சொட்டுகூட வரவில்லை. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் பாட்டைத் தப்பவிட்டார்கள். "கல்லுடி இவ" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அப்படித்தான் தோன்றியது.

வீட்டில் கிடந்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று பயந்து, ஏழுமலைதான் ஒல்லாந்துக்காரர் வீட்டு வேலைக்கு ஏற்பாடு செய்தான். அந்த வீடுகளுக்கு அவன் மீன் கொண்டுபோய்க் கொடுப்பவன். பீத்தர் துரை என்ற வர்த்தக அதிகாரி ஜுரத்தில் செத்துப்போயிருந்தார். அவர் மனைவி கத்தரீனம்மாள் ஊர் திரும்பக் கப்பலுக்காகக் காத்திருந்தார். துரையின் ஆவி அடுப்படியில் நடமாடுகிறது என்று சொல்லிப் பழைய சமையற்காரன் நாகப்பட்டினத்துக்கு ஓடிவிட்டான்.

"அந்தம்மாவுக்கு நம்ம பாஷை தெரியாது. உனுக்கு வாயே கெடையாது. சண்டையே வராதுக்கா" என்றான் ஏழுமலை.

சண்டை வரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. நான் ஆக்கிவைத்த மடவைக் குழம்பு, இறால், கஞ்சி எல்லாம் போன வழியே திரும்பி வந்தன. கோழி ரசத்தை மட்டும் ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். அன்று முழுக்கத் தும்மினார். மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கல்லறைத் தோட்டம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. கப்பலுக்கு முன்னால் இவர் போய்விடுவார் என்று எனக்குப் பட்டது.

அப்படி இருக்கையில் ஒரு நாள் காலை அவரே என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"கோப்பி."

நான் அந்த வீட்டுக்கு வந்து முதல் முறையாக அவர் வாய் திறந்து ஒன்றைக் கேட்கிறார். ஓடினேன். பூப்போட்ட கோப்பை ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தேன். தலையை ஆட்டினார். "கோப்பி." சரி, சின்னது போலிருக்கிறது என்று பெரிய கோப்பையைக் கொண்டுவந்தேன். "கோப்பி!" பிடி வைத்தது, பிடி வைக்காதது, வெள்ளிக் கோப்பை, கடைசியில் துரை சவரம் செய்துகொள்ளத் தண்ணீர் வைக்கும் கிண்ணம்வரை வந்துவிட்டது. மேஜை பாத்திரக்கடை ஆனது. கத்தரீனம்மாள் எழுந்து என் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனார். மூலையில் ஒரு சாக்கு மூட்டை. அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் காட்டினார். "கோப்பி."

பாசி படிந்த மாதிரிப் பச்சை நிறத்தில் ஏதோ கொட்டை. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு, தட்டையின் நடுவே ஒரு கீறல். வாசனை என்று பார்த்தால் வைக்கோலும் சாக்கும்தான். இதைக் கொண்டு மனுஷர் என்ன செய்வார்கள் என்று விழித்தேன்.

"பிராண்டன்" என்றார் அவர், கையைச் சுழற்றிக் காட்டி.

பிராண்ட வேண்டுமாம். எனக்கென்ன? உட்கார்ந்து ஒவ்வொரு கொட்டையாக எடுத்து நகத்தால் பிராண்ட ஆரம்பித்தேன். நடுவில் ஏற்கெனவே கீறல் இருந்ததால், பீத்தர் துரை பாதி வேலையை முடித்துவிட்டுத்தான் செத்திருக்கிறார் என்றும் நினைத்துக்கொண்டேன். கத்தரீனம்மாள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு நெற்றியில் கை வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். விசும்பல் கேட்டது.

இனி என் சாமர்த்தியம் போதாது என்று துபாசி ராகவையாவை அழைத்து வந்தேன். ஒல்லாந்து பாஷையில் அவர் புலி என்று ஊரில் பேச்சு. (பேச்சைக் கிளப்பிவிட்டதே அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.) அறை வாசலில் நின்று அம்மாள் சொன்னதைக் கேட்டார். தாடையைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"பிராண்டன்னா கொளுத்தறது. நெருப்பு வெக்கறது. கொளுத்தச் சொல்றாங்க."

"எத்த சாமி?"

"அந்த மூட்டையத்தான்."

"மூட்டை முழுக்கவா?"

"கொஞ்சம்னு சொல்லலியே."

"இன்னாத்துக்குக் கொளுத்தணும்?"

"துரை ஆசையா வெச்சிருந்த சாமானாம். தெனம் காலையில அவரே தன் கையால எடுப்பாராம், வேற யாரையும் தொட விடமாட்டாராம். அவர் போனதுலேர்ந்து அது அப்டியே கெடக்குதுன்னு சொல்லிச் சொல்லி அழறாங்க. சரி, எனுக்கு வேலை கீது, வரேன்."

இதில் ஒவ்வொரு வார்த்தையும் சரி. கொளுத்துவதற்கும் வறுப்பதற்கும் ஒல்லாந்து பாஷையில் ஒரே சொல்தான் என்பது மட்டும் புலிக்குத் தெரியவில்லை.

எனக்கோ எல்லாம் விளங்கிவிட்டது. ஆசைப்பட்ட சாமானைக் கொளுத்தி அனுப்பிவைக்கப் பார்க்கிறார், பாவம். எங்கள் வழக்கம்தான் இவர்களுக்கும். எந்த ஊரானால் என்ன, சாவு சாவுதானே. இவ்வளவு நாள் இந்தக் காரியம் நடக்காததால்தான் சோறு இறங்காமல் கிடக்கிறார். ஒரு கை உதவிக்கும் ஆளில்லாமல் இந்த மகராசி தவித்திருக்கிறாளே என்று என் நெஞ்சு உருகியது. செய்தால் முறையாகச் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அம்மாள் அழுத களைப்பில் கண்ணயர்ந்திருந்தார். மூட்டையைக் கொல்லைக்கு இழுத்துப் போனேன். பனை ஓலையும் தேங்காய் மட்டையும் அடுக்கி, மூட்டையைத் தெற்கே தலை வைத்துப் படுக்கவைத்தேன். (மூட்டைக்கு எது தலை என்று கேட்காதீர்கள். கட்டியிருந்த பக்கம்.) கட்டை அவிழ்த்து வாய்க்கரிசி போட்டேன். கொள்ளிக்குடம் வேண்டும். மண்குடம் எதுவும் கண்ணில் படாததால், கூடத்திலிருந்த நீலப்பூ ஜாடியில் தண்ணீர் நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு பொத்தல் போட வேண்டும். போட ஆளில்லை. நானே கத்திப் பிடியால் தட்டினேன். சீனத்துச் சாமான், டங் டங்கென்று மணி மாதிரி கேட்டதே தவிர ஒரு கீறல் விழவில்லை. கடைசிச் சுற்றில் பின்பக்கமாகப் போட்டேன். அப்போது உடைந்தது. நன்றாகவே உடைந்தது.

திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளி வைத்தேன்.

என் கையால். ஏழுமலை கையால் அல்ல.

முறைக்கு ஒரு வரி ஒப்பாரி வைத்துவிட்டு உள்ளே போய்விடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முகம்கூடப் பார்த்திராத பீத்தர் துரைக்கு எவ்வளவு அழ முடியும்? "சீமையில பொறந்த ராசா, சீக்கிரமாப் போனீரோ" என்று மரியாதையாகத்தான் எடுத்தேன். அடுத்த வரி நான் எடுத்ததல்ல. தானாக வந்தது.

"கடலோட போன ராசா, கால்தடமும் தரலியே,
துடுப்ப மட்டும் அனுப்பினியே, துணைக்கு நீ வரலியே..."

அவ்வளவுதான். எங்கே இருந்தது அத்தனையும் என்று தெரியவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு, மண்ணில் புரண்டு, தேசப்பா தேசப்பா என்று நான் போட்ட கூப்பாடு முகத்துவாரம்வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். என் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

பச்சைக் கோப்பிக்கொட்டை சட்டென்று எரியாது. புகையும். முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் மஞ்சள், அப்புறம் பனைமரம் உயரத்துக்குக் கறுப்பு. அது போதாதென்று, சூடு ஏறியதும் கொட்டைகள் பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கின. கோட்டைச் சுவர் மேல் நின்ற சிப்பாய்க்குத் தெரிந்ததெல்லாம் மூன்றே விஷயம்: மருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில் புகை, வெடிச்சத்தம், ஒரு பொம்பளை எழவுக் குரலில் அலறுகிறாள். மணியை அடித்துவிட்டு, அடித்த கையோடு ஓடிவிட்டான்.

"கெடங்கு பத்திக்கிச்சு! ஓடு! ஓடு!"

ஊரே அந்த ஒரு வார்த்தையைக் கத்திக்கொண்டு ஏரிக்கு ஓடியது. மிளகு மூட்டைக்காரன், நெசவுக்காரர், பல்லக்குத் தூக்கிகள், பல்லக்கில் இருந்தவர் எல்லாரும் ஓடினார்கள். தெரு நாய்களும் ஓடித் தோணியில் இடம் பிடித்தனவாம். நெருப்பு என்றால் தண்ணீரோடு ஓடிவர வேண்டிய சிப்பாய்கள் தண்ணீரை நோக்கி ஓடினார்கள்.

நான் அழுது ஓய்ந்து தலை நிமிர்ந்தபோது பழவேற்காட்டில் சத்தமே இல்லை. என் எதிரில் கத்தரீனம்மாள் நின்றிருந்தார். தலைமுடி அவிழ்ந்து தொங்கியது. காலில் செருப்பில்லை. புகையும் மூட்டையைப் பார்த்தார். உடைந்த ஜாடியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் சிந்தியிருந்த அரிசியைப் பார்த்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்தார்.

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகு அவரும் அழுதார். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. புகை அடங்கும்வரை.

அடங்கிய பிறகு ஒரு வாசனை வந்தது. புகையும் சாம்பலும் இருந்தது. அதற்கடியில், புதுவெல்லம் காய்ச்சுகிற கொட்டகையைத் தாண்டிப் போனால் வருமே, அதுபோல் ஒன்று. கத்தரீனம்மாள் நிமிர்ந்தார். ஒரு குச்சியை எடுத்துச் சாம்பலைக் கிளறினார். அடியில் இருந்தவை கரிக்கட்டையாகிப் போயிருந்தன. மேலே கிடந்தவை வெந்தும் வேகாமல் வெளுத்திருந்தன. நடுவில் சில பிடிகள் மட்டும் நனைந்த மரப்பட்டை நிறத்தில் பளபளத்தன. வெளுத்ததில் ஒன்றை என் வாயில் போட்டார். புளித்தது. கரிந்ததில் ஒன்று. வேப்பங்காய். நடுவில் இருந்ததைப் போட்டு, என் முகத்தையே பார்த்தார். அது கடிபட்டதும் நொறுங்கியது. கசப்புத்தான், ஆனால் துப்பத் தோன்றவில்லை. நான் தலையாட்டியதும் அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

ஆளில்லாத ஊரில், எந்த நிமிஷமும் வெடிக்கும் என்று உலகமே நம்பிய கிடங்கின் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் இருவரும் பழுப்புக் கொட்டைகளைப் பொறுக்கினோம். அம்மியில் வைத்து நுணுக்கினேன். அவர் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டினார். காலையில் நான் அடுக்கிய கோப்பைகளில் இரண்டை எடுத்து ஊற்றினார். எனக்கு அது கஷாயம்தான். பெரியவர்கள் கொடுத்ததை மறுக்கக் கூடாதென்று விழுங்கினேன். வாய்க்கு மாற்றாக என் மத்தியானச் சோற்றுச் சட்டியைத் திறந்தேன். பழையதும், உப்பு தூக்கலாக வறுத்த மடவை மீனும். மீனைக் கடித்துக்கொண்டு இன்னொரு வாய் குடித்தேன். இப்போது வேறு மாதிரி இருந்தது. உப்பு வந்து கசப்பைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னது போலிருந்தது.

கத்தரீனம்மாள் சட்டிக்குள் கையை விட்டார். ஒரு துண்டு மீன். பிறகு இன்னொன்று. முள்ளெடுக்கத் தெரியாமல் திணறியவருக்கு நான் எடுத்துக் கொடுத்தேன். புருஷன் செத்ததற்கப்புறம் அவர் சாப்பிட்ட முதல் சாப்பாடு என் பழைய சோறு.

கோப்பையைக் காட்டி, "பீத்தர்" என்றார்.

நான் மீனைக் காட்டி, "தேசப்பன்" என்றேன்.

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. போதுமானதாக இருந்தது.

ஊருக்குள் திரும்பி வந்த முதல் ஆள் ஏழுமலைதான். எல்லாத் தோணிகளும் அந்தப் பக்கம் போக, அவன் மட்டும் எதிரே துடுப்புப் போட்டு வந்திருக்கிறான். சுவரேறிக் குதித்து மூச்சிரைக்க நின்றான்.

"அக்கா! உசுரோட கீறியா?"

"கீறேன்டா."

"கெடங்கு?"

"அதுவும் கீது."

"அப்ப பொகை?"

"அது நான்தான்."

என் கண் வீங்கியிருந்ததைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்து என் கோப்பையை வாங்கிக் குடித்தான். "இன்னாக்கா இது, கருவாட்டுச் சட்டி கழுவின தண்ணியில வேப்பம்பட்டையப் போட்டாப்ல கீது" என்றான். பிறகு கோப்பையை அம்மாளிடம் நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டான்.

விசாரணை பலமாக நடந்தது. கப்பித்தான் ஒரு கன்னத்தில் தாடியும் மறு கன்னத்தில் வெட்கமுமாக உட்கார்ந்து, என்னைச் சிறையில் போட வேண்டும் என்றார். கத்தரீனம்மாள் எனக்கு முன்னால் வந்து நின்று நீளமாகப் பேசினார். "ஜாடி துரைக்குப் புடிக்காத ஜாடியாம், ஒடைஞ்சது நல்லதுதானாம்" என்று ராகவையா மொழிபெயர்த்தார். (அவர் மொழிபெயர்ப்பை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.) கடைசியில் உத்தரவு ஒன்று பிறந்தது: இனி கோப்பி வறுப்பதானால் ஊருக்கு வெளியே, ஏரிக்கரையில், காற்று தண்ணீர்ப் பக்கம் வீசும்போதுதான் வறுக்க வேண்டும். இரண்டு சிப்பாய்கள் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நிற்க வேண்டும்.

அப்படித்தான் கற்றுக்கொண்டேன். மண்சட்டியில் கைவிடாமல் கிளற வேண்டும். கொட்டை வெடிக்கிற சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும். முதல் வெடிப்பு ஓய்கிற நேரம் இறக்கிவிட வேண்டும். கண்ணை நம்பாதே, காதை நம்பு என்று அம்மாள் என் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். வெடிச் சத்தம் கேட்டதும் ஏரியில் போகிற தோணிக்காரர்கள் ஆரம்பித்துவிடுவார்கள்: "அஞ்சல வறுக்கிறாடா! ஓடு! ஓடு!" குடத்தோடு நிற்கும் சிப்பாய்களும் சிரிப்பார்கள். கத்தரீனம்மாள் நம் பாஷையில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை "ஓடு"தான். மீன் என்பதைக்கூட அதற்கப்புறம்தான் கற்றார்.

மாலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். நானும் கூடப் போவேன். பீத்தர் துரையின் கல்லில் மண்டையோடும் பூவும் செதுக்கியிருக்கும். அதன் ஓரத்தில் அவர் உட்காருவார். நான் நிற்பேன். உட்கார்ந்து அழ ஒரு கல் இருக்கிறதே இந்தம்மாவுக்கு என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். அது முகத்தில் தெரிந்ததோ என்னவோ, ஒரு நாள் அவர் நகர்ந்து, கல்லில் பாதியை எனக்கு விட்டார். அன்றிலிருந்து தேசப்பனுக்கும் அங்கேதான் அழுதேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுதேன்.

காற்று திரும்பியது, கப்பல் வந்தது. அவருக்கு அந்தக் கல்லை விட்டுப் போக மனமில்லை. போகாமல் இருக்கவும் வழியில்லை. பிரயாணத்துக்காக ஒரு பை நிறைய வறுத்துக் கொடுத்தேன். அவர் படகில் ஏறிய பிறகும் இன்னும் ஒரு சட்டி அடுப்பில் இருந்தது. கையை எடுக்க முடியாது என்ற சாக்கில் நான் தலை நிமிரவில்லை. படகு முகத்துவாரத்தை நெருங்கும்போது கொட்டைகள் வெடிக்க ஆரம்பித்தன. அப்போது அவர் எழுந்து நின்று, படகு ஆட ஆட, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"அஞ்சல! ஓடு! ஓடு!"

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. அவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்றும் தெரியாது. கேட்டுச் சொல்ல யாருமில்லை. ஒல்லாந்துக்காரர்களும் பிறகு கோட்டையை விட்டுப் போய்விட்டார்கள். ராகவையா இங்கிலீஷ்காரர்களிடம் துபாசியாகி, அங்கே என்னென்ன கொளுத்தினாரோ.

எங்கள் வீட்டில் அந்த நாளிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாராவது பயணம் புறப்பட்டால் போய்ட்டு வா என்று சொல்வதில்லை. "ஓடு, கோப்பி கருகுது!" என்றுதான் சொல்வோம். ஏழுமலையின் பிள்ளைகள் கட்டுமரம் தள்ளும்போதும், அவன் மகள் புருஷன் வீட்டுக்குப் புறப்பட்டபோதும் அதுதான் சொன்னோம். சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். கதையைக் கேட்டபின் இப்போது அவர்களும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லி அனுப்பியவர்கள் எல்லாரும் இதுவரை திரும்பி வந்திருக்கிறார்கள்.

கத்தரீனம்மாள் மட்டும் வரவில்லை. அன்றைக்கு அதைச் சொன்னது அவர்தான். அவருக்குத் திருப்பிச் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.